ரேம் விலை ஏறியதும் சிறிய கணினி நிறுவனம் ஏன் முதலில் அலறுகிறது?

2025-ன் கடைசியில் ஃப்ரேம்வொர்க் என்ற அமெரிக்க லேப்டாப் நிறுவனம் அடுத்தடுத்து மூன்று காரியங்களைச் செய்தது. கணினியின் தற்காலிக நினைவகமான ரேமைத் தனியாக விற்பதை நிறுத்தியது. பிறகு, லேப்டாப்போடு சேர்த்து வாங்கும் டிடிஆர்5 என்ற புதிய தலைமுறை ரேமின் விலையை 50 சதவீதம் ஏற்றியது. லேப்டாப்பை வாங்கி, ரேமை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பும் ஆட்களைத் தடுக்க, பொருளைத் திரும்பப் பெறும் விதிகளையும் மாற்றியது. ஏறக்குறைய அதே வாரங்களில், உலகின் மிகப் பெரிய கணினி நிறுவனமான லெனோவோ வழக்கத்தைவிட அதிகமாக ரேமை வாங்கிக் குவித்து வைத்திருந்தது.

இரண்டு நிறுவனங்களும் ஒரே வகை சிப்பைத்தான் வாங்குகின்றன. ஒன்று விலையை ஏற்றி வாடிக்கையாளர்களிடம் விளக்கம் சொல்கிறது, மற்றது கிடங்கை நிரப்புகிறது. சிறிய நிறுவனம் பேராசைப்படுகிறது என்று சிலர் எழுதினார்கள், அதற்குத் திறமை போதவில்லை என்று வேறு சிலர். இரண்டும் சரியல்ல என்று நினைக்கிறேன். காரணம் கொள்முதல் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கை அடியிலிருந்து பார்ப்போம்.

கணினியை உண்மையில் தயாரிப்பது யார்?

லேப்டாப்பின் மூடியில் இருக்கும் பெயர் பெரும்பாலும் அதைத் தயாரித்தவரின் பெயர் அல்ல. குவான்டா, காம்பல், விஸ்ட்ரான், இன்வென்டெக், பெகாட்ரான் என்று தைவானைச் சேர்ந்த ஒப்பந்த உற்பத்தியாளர்கள் இருக்கிறார்கள். இவர்களைத் தொழிலில் 'ஓடிஎம்' என்பார்கள். வடிவமைப்பில் பெரும்பங்கையும் உற்பத்தி முழுவதையும் இவர்களே செய்து தர, பிராண்டு நிறுவனம் தன் பெயரைப் போட்டு விற்கும். லெனோவோ போன்ற சிலருக்குச் சொந்தத் தொழிற்சாலையும் உண்டு. ஆனால் ஹெச்பி, டெல் போன்றவர்களின் லேப்டாப்புகள் பெரும்பாலும் இந்த ஒப்பந்தக்காரர்கள் வழியாகவே வருகின்றன. ஃப்ரேம்வொர்க் லேப்டாப்பும் காம்பல் நிறுவனம் தைவானில் தயாரிப்பதுதான்.

இதற்கும் கீழே ஒரு படி உண்டு. கிளெவோ போன்ற நிறுவனங்கள் பெயர் போடாத லேப்டாப்புகளை ஆயத்தமாக வைத்திருக்கும். சிறிய நிறுவனம் அதை வாங்கி, செயலியும் (ப்ராசஸர்) ரேமும் சேமிப்பகமும் பொருத்தி, தன் மென்பொருளை ஏற்றி விற்கலாம். அமெரிக்காவின் டென்வர் நகரில் 2005-ல் தொடங்கிய சிஸ்டம்76, விண்டோஸுக்கு மாற்று இயங்குதளமான லினக்ஸ் ஓடும் லேப்டாப்புகளை நெடுங்காலமாக இப்படித்தான் தந்துவருகிறது.

ஆக, பெரியவருக்கும் சிறியவருக்கும் செய்நேர்த்தியில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்க வேண்டிய அவசியமில்லை. வித்தியாசம் எண்ணிக்கையில். 2024-ல் உலகம் முழுக்க விற்பனைக்கு அனுப்பப்பட்ட கணினிகள் சுமார் 26 கோடி. அதில் லெனோவோவின் பங்கு மட்டும் 6 கோடிக்கு மேல். முதல் ஐந்து நிறுவனங்களைச் சேர்த்தால் நான்கில் மூன்று பங்கு போய்விடும். மிச்சத்தில்தான் மற்ற எல்லோரும்.

எண்ணிக்கை எப்படி விலையாக மாறுகிறது?

மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கணினித் தொழிலில் அந்த மலிவு பல வாசல்கள் வழியாக உள்ளே வருகிறது.

1. அச்சுச் செலவு. ஒரு லேப்டாப்பின் மேல்மூடி, அடிப்பாகம், விசைப்பலகைச் சட்டம் ஒவ்வொன்றுக்கும் அச்சு செய்ய வேண்டும். மதர்போர்டை (பாகங்கள் எல்லாம் இணையும் தாய்ப்பலகை) வடிவமைக்க வேண்டும், மின்காந்த அலைச் சோதனை முதல் பாதுகாப்புச் சான்றிதழ் வரை நாட்டுக்கு நாடு வாங்க வேண்டும். இந்தச் செலவு முதல் கணினி விற்பதற்கு முன்பே முடிந்துவிடும். கணக்குக்காக, மொத்தம் 20 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். 20 ஆயிரம் லேப்டாப் விற்பவருக்கு ஒன்றின் தலையில் 100 டாலர் விழுகிறது. 20 லட்சம் விற்பவருக்கு 1 டாலர். பொருள் ஒன்றேதான், ஆனால் சிறியவர் 99 டாலர் பின்தங்கிய இடத்திலிருந்து ஓடத் தொடங்குகிறார்.

2. செயலியின் விலை. இன்டெல், ஏஎம்டி இரண்டும் பட்டியல் விலை ஒன்று வைத்திருக்கின்றன. பெரிய வாடிக்கையாளர்கள் அந்த விலையைக் கொடுப்பதில்லை. தள்ளுபடி எவ்வளவு என்பது இருவருக்குள் ரகசியம். அது எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஒரு வழக்கு சாட்சி. டெல், ஹெச்பி, லெனோவோ, என்இசி ஆகியவற்றுக்கு நிபந்தனையோடு தள்ளுபடி கொடுத்து ஏஎம்டியை ஒதுக்கியதாகச் சொல்லி ஐரோப்பிய ஆணையம் 2009-ல் இன்டெலுக்கு 106 கோடி யூரோ அபராதம் விதித்தது. அந்த அபராதம் நிற்கவில்லை. 2022-ல் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் ரத்து செய்தது, 2024 அக்டோபரில் மேல் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஏஎம்டி செயலி உள்ள கணினிகளைத் தாமதப்படுத்தவோ நிறுத்தவோ நேரடியாகப் பணம் கொடுத்த குற்றச்சாட்டுக்கு மட்டும் 2023-ல் சுமார் 37.6 கோடி யூரோ அபராதம் மறுபடி விதிக்கப்பட்டது. சட்டத்தின் தீர்ப்பு எப்படியானாலும், இந்த ஆவணங்களிலிருந்து நமக்குக் கிடைப்பது ஒரு பாடம்: செயலிக்கு ஒரே விலை என்று ஒன்று கிடையவே கிடையாது.

3. பந்தியில் இடம். சாதாரண காலத்தில் பணம் இருந்தால் சிப் கிடைக்கும். தட்டுப்பாட்டில் பணம் மட்டும் போதாது. இருக்கும் சரக்கை யாருக்கு எவ்வளவு என்று உற்பத்தியாளர் பங்கிட்டுக் கொடுக்கிறார். நீண்டகால ஒப்பந்தம் உள்ளவர், அடுத்த ஆண்டும் லட்சக்கணக்கில் வாங்கப் போகிறவர் முதல் பந்தி. சிறியவர் கடைசிப் பந்தி, இலையில் என்ன மிஞ்சியிருக்கிறதோ அதுதான்.

4. பணம் வரும் நேரம். நால்வகையில் இதுதான் வெளியே அதிகம் தெரியாதது, என் கணிப்பில் ஆளை வீழ்த்துவதும் இதுதான். டெல் நிறுவனம் 1990-களில் வளர்ந்த முறையைப் பாருங்கள். வாடிக்கையாளர் தொலைபேசியிலோ இணையத்திலோ ஆர்டர் கொடுத்து உடனே பணம் கட்டுவார். டெல் உதிரிபாகம் கொடுத்தவருக்குப் பல வாரங்கள் கழித்துத்தான் பணம் தரும். நடுவில் அந்தப் பணம் வட்டியில்லாக் கடன்போல டெல் கையில் சுழலும். விற்பனை பெருகப் பெருகக் கையில் பணமும் பெருகும். சிறிய நிறுவனத்துக்கு இது தலைகீழ். சப்ளையர் முன்பணம் கேட்பார், குறைந்தபட்ச ஆர்டர் இத்தனை என்பார். சரக்கு செய்து, கப்பலேறி, விற்றுப் பணமாக மாதக்கணக்கில் ஆகும். அதனால் விற்பனை இரட்டிப்பானால் தேவைப்படும் முதலும் இரட்டிப்பாகும். நன்றாக விற்கும்போதே கையில் காசில்லாமல் திணறுவது இந்தத் தொழிலில் விநோதம் அல்ல.

இவற்றோடு சில்லறையாக இன்னும் சில உண்டு. புதுக் கணினியில் யாரும் கேட்காமல் வந்து உட்கார்ந்திருக்கும் சோதனைக்கால வைரஸ் தடுப்பு மென்பொருள்களுக்கு அதன் உரிமையாளர்கள் கணினி நிறுவனத்துக்குப் பணம் தருகிறார்கள். பெரியவருக்கு அது கணிசமான வரவு. சிறியவர் 'தேவையற்ற மென்பொருள் எதுவும் இல்லை' என்று பெருமையாக விளம்பரம் செய்யலாம். அந்தப் பெருமைக்கும் விலை உண்டு.

ரேமுக்கு என்ன நடந்தது?

ரேமில் இருப்பது டிராம் என்ற சிப். அதன் உலகச் சந்தையில் மிகப் பெரும்பகுதி சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூவர் கையில். செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கு வேண்டிய உயர்வேக நினைவகமும் அதே மூவரிடமிருந்துதான் வருகிறது. அந்த வகை நினைவகத்தைச் செய்ய, அதே கொள்ளளவுள்ள டிடிஆர்5-ஐவிட ஏறத்தாழ மூன்று மடங்கு சிலிக்கான் தகடு செலவாகிறது. லாபமோ அதில் அதிகம். எனவே தகடுகள் அந்தப் பக்கம் திரும்ப, சாதாரண ரேமுக்கு மிஞ்சியது குறைந்தது. 2025 டிசம்பரில் மைக்ரான், தனிநபர்களுக்கு ரேம் விற்றுவந்த தன் 'குருஷியல்' வணிகத்தையே மூடிவிடப் போவதாக அறிவித்தது. கடைத்தெருவில் நின்று வாங்குபவர் இனி முக்கியமில்லை என்பதை இதைவிடப் பச்சையாகச் சொல்ல முடியாது.

பெரிய கணினி நிறுவனங்களும் இதில் தப்பவில்லை. அவர்களும் விலையை ஏற்றினார்கள். ஆனால் அவர்களிடம் மூன்று தலையணைகள் இருந்தன: முன்பே குவித்த சரக்கு, ஒப்பந்த விலை, ஒரு மாடலில் விட்டதை இன்னொரு மாடலில் பிடிக்கும் வசதி. இன்னொன்றும் உண்டு. '16 ஜிபி ரேம், இந்தச் செயலி, இந்தத் திரை, மொத்தம் இவ்வளவு' என்று ஒரே விலையாக விற்கும்போது ரேமுக்கு எவ்வளவு ஏறியது என்று வாங்குபவருக்குத் தெரியாது. அடுத்த மாடலில் சத்தமில்லாமல் 16 ஜிபியை 8 ஆக்கினாலும் பலர் கவனிப்பதில்லை.

ஃப்ரேம்வொர்க் விற்கும் முறை அப்படியல்ல. ரேம் இல்லாமலே லேப்டாப்பை வாங்கலாம், வேண்டுமானால் ரேமைப் பட்டியலில் தனி வரியாகச் சேர்க்கலாம். அந்தத் தனி வரியில் 50 சதவீத ஏற்றம் கண்ணில் குத்துகிறது. ஏற்கெனவே முன்பதிவு செய்தவர்களுக்குப் பழைய விலையையே அது காப்பாற்றியது. அந்த நஷ்டத்தையும் அதுவேதான் சுமந்தது. உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, சிறிய நிறுவனம் அந்த மத்தளம்.

சிப் யார் கையில் என்ற பழைய கேள்வி

இந்தச் சிக்கல் புதிதல்ல. 1970-களில் கமோடோர் நிறுவனம் கால்குலேட்டர் விற்றுக்கொண்டிருந்தது. அதற்கான சிப்புகளை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸிடம் வாங்கியது. ஒரு நாள் சிப் விற்றவரே கால்குலேட்டர் விற்கக் கிளம்பினார், அதுவும் கமோடோர் உதிரிபாகத்துக்குக் கொடுக்கும் பணத்தைவிடக் குறைந்த விலையில். அடிபட்ட கமோடோரின் தலைவர் ஜாக் டிராமியல் 1976-ல் எம்ஓஎஸ் டெக்னாலஜி என்ற சிப் நிறுவனத்தையே வாங்கினார். 1982-ல் 595 டாலருக்கு வந்த கமோடோர் 64 என்ற வீட்டுக் கணினியின் விலையை அந்தச் சொந்த சிப்புகளின் பலத்தில்தான் அடுத்தடுத்துக் குறைக்க முடிந்தது. 1983-ல் வீட்டுக் கணினிச் சந்தையைவிட்டு வெளியேறியவர் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்.

இன்று அந்த வழி அடைபட்டுவிட்டது. நவீன சிப் ஆலை ஒன்றுக்கு ஆயிரம் கோடி டாலருக்கு மேல் வேண்டும்.

அதே காலத்து இன்னொரு கதை ஆஸ்போர்ன். 1981-ல் 1,795 டாலருக்கு வந்த, கிட்டத்தட்ட 11 கிலோ எடையுள்ள 'தூக்கிச் செல்லும்' கணினி. அமோகமாக விற்றது. பிறகு, அடுத்த மாடல் வரப்போகிறது என்ற பேச்சு முன்கூட்டியே வெளியே போனதும் பழைய மாடலை வாங்குவதை மக்கள் நிறுத்திவிட்டார்கள். 1983-ல் நிறுவனம் திவாலானது. போட்டியாளர்களும் கையிருப்புக் குளறுபடிகளும் சேர்ந்துதான் கவிழ்த்தன என்று வாதிடுபவர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் 'ஆஸ்போர்ன் விளைவு' என்ற சொல் தொழிலில் நிலைத்துவிட்டது. பணம் கிடங்குச் சரக்காக முடங்கியிருக்கும் நிறுவனத்துக்கு இரண்டு மாதம் விற்பனை நின்றால் போதும்.

பெரியவர் இறங்க விரும்பாத இடம்

விலையில் மோதினால் தோல்வி உறுதி. எனவே பிழைத்த சிறிய நிறுவனங்கள் எல்லாம், பெரியவர் செய்ய முடியாததை அல்ல, செய்தால் தன் கையையே கடித்துக்கொள்ள நேரும் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன. மூன்று வகை:

1. மிகக் குறைந்த விலையில் வேறொரு பொருள். 2012-ல் ராஸ்பெர்ரி பை 35 டாலருக்கு ஒற்றை போர்டு கணினியைக் கொண்டுவந்தது. 35 டாலர் பொருளைப் பரப்பினால் 400 டாலர் பொருள் அடிபடும் என்பதால் பெரியவர்கள் அந்தப் பக்கம் வரவில்லை. அதன் நிறுவனர்களில் ஒருவரான எபென் அப்டன் பிராட்காம் என்ற சிப் நிறுவனத்தில் பணியாற்றியவர். முதல் போர்டின் சிப் பிராட்காமுடையது. அதாவது, எண்ணிக்கையால் கிடைக்காத சிப் உறவு ஆளின் வழியாகக் கிடைத்தது. 2021-ல் அது தன் சொந்தச் சிறு சிப்பை வடிவமைத்து 4 டாலருக்கு 'பைக்கோ' போர்டை விற்றது. 2024-ல் லண்டன் பங்குச்சந்தையில் சேர்ந்தபோது அதுவரை விற்றவை சுமார் 6 கோடி. இனி அதைச் சிறியது என்று சொல்வதும் கடினம்.

2. மென்பொருளில் தனித்தன்மை. சிஸ்டம்76 விண்டோஸை விட்டுவிட்டு லினக்ஸைப் பிடித்தது, 2017-ல் பாப் ஓஎஸ் என்ற சொந்த இயங்குதளத்தைத் தந்தது. லேப்டாப்பின் வன்பொருள் பிறர் செய்தது, நம்பிக்கை இவர்களுடையது.

3. பழுதுபார்ப்பு. ஆகுலஸ் என்ற மெய்நிகர் உலகக் கருவி நிறுவனத்தின் தொடக்ககால ஊழியரான நீரவ் பட்டேல் 2020-ல் தொடங்கிய ஃப்ரேம்வொர்க் இந்த வகை.

மூன்றாவதைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும். 2021-ல் வந்த முதல் ஃப்ரேம்வொர்க் லேப்டாப்பின் சட்டத்துக்குள் 2025-ல் வந்த ஏஎம்டி மதர்போர்டு அப்படியே பொருந்தும். இதை வாடிக்கையாளருக்கு நல்லது, சுற்றுச்சூழலுக்கு நல்லது என்றே பலரும் பேசுகிறார்கள். கொள்முதல் கணக்கில் வைத்துப் பார்த்தால், நிறுவனத்துக்கும் அதில் மூன்று ஆதாயங்கள் தெரிகின்றன. முதலாவது, அதே அச்சு ஐந்தாறு தலைமுறைக்கு உழைப்பதால் மேலே சொன்ன 100 டாலர் சுமை ஆண்டுக்கு ஆண்டு கரைகிறது. இரண்டாவது, புது போர்டை அறிவித்தால் பழைய லேப்டாப் வாங்க வந்தவர் ஓடிவிடுவதில்லை, பின்னால் போர்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாமே. ஆஸ்போர்னைக் கொன்ற நோய்க்கு இது பாதி மருந்து. மூன்றாவது, ஏற்கெனவே வாங்கியவரே உதிரிபாகம் வாங்க மறுபடி வருகிறார், அவரைப் பிடிக்க விளம்பரச் செலவு இல்லை.

முன்பதிவு முறையும் இதே ரகம். புது மாடலுக்கு 100 டாலர் கட்டி வரிசையில் இடம் பிடிக்கலாம், வேண்டாமென்றால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். 100 டாலரால் லேப்டாப் செய்ய முடியாது. ஆனால் இத்தனை ஆயிரம் பேர் பணம் கட்டிக் காத்திருக்கிறார்கள் என்ற எண், காம்பலிடமும் சிப் நிறுவனத்திடமும் எவ்வளவு சரக்கு சொல்வது என்பதை ஊகத்திலிருந்து கணக்காக மாற்றுகிறது. பெரியவருக்குக் கிடங்கு செய்யும் வேலையைச் சிறியவருக்கு வரிசை செய்கிறது.

வழி எங்கே முட்டுகிறது?

ஃப்ரேம்வொர்க் தன் கொள்கையைத் தானே வளைக்க நேர்ந்த இடம் ஒன்று உண்டு. 2025 பிப்ரவரியில் அது அறிவித்த டெஸ்க்டாப்பில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது, கழற்ற முடியாது. அதிலுள்ள ஏஎம்டி ரைசன் ஏஐ மேக்ஸ் செயலிக்கு 256 பிட் அகலமுள்ள நினைவகப் பாதை வேண்டும். கழற்றும் வகை ரேமில் சமிக்ஞை அந்த வேகத்துக்குத் தாக்குப்பிடிக்கவில்லை என்பது ஏஎம்டியின் பொறியாளர் ஆராய்ந்து சொன்ன பதில். கொள்கை யாருடையதாக இருந்தாலும் சிப்பின் எல்லைக்குள்தான் அது நிற்க முடியும். அந்த ஒரு மாடலைச் செய்யாமலே விட்டிருக்கலாம் என்பது சிலர் கருத்து. எனக்கு அதில் உடன்பாடு இல்லை, செய்துவிட்டுக் காரணத்தை வெளிப்படையாகச் சொன்னது சரிதான்.

2025 ஏப்ரலில் அமெரிக்கா இறக்குமதி வரியை ஏற்றியபோது வேறு மாதிரி முட்டியது. வரியே இல்லாத கணக்கில் விலை வைத்திருந்த அடிப்படை மாடல்களை 10 சதவீத வரியோடு விற்றால் நஷ்டம் என்று சொல்லி, அவற்றின் அமெரிக்க விற்பனையை ஃப்ரேம்வொர்க் தற்காலிகமாக நிறுத்தியது. லாப விளிம்பு எவ்வளவு மெல்லியது என்பதற்கு அந்த 10 சதவீதமே அளவுகோல்.

மென்பொருள் பராமரிப்பு இன்னொரு தலைவலி. 12-ஆம் தலைமுறை இன்டெல் போர்டுகளுக்கான பயாஸ் (கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்பு நெடுநாள் இழுத்ததற்கு நிறுவனம் கடும் விமர்சனத்தைச் சந்தித்தது. பல தலைமுறை போர்டுகளை உயிரோடு வைத்திருப்பதாகச் சொல்பவர் அத்தனைக்கும் ஆள் வைக்க வேண்டும்.

கடைசியாக, பெரியவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. 2024-ல் லெனோவோவின் திங்க்பேட் டி14 பழுதுபார்ப்பு எளிமைக்காக, பழுதுபார்ப்பு வழிகாட்டித் தளமான ஐஃபிக்ஸிட்டிடம் 10-க்கு 9 மதிப்பெண் பெற்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 ஏப்ரல் முதல் லேப்டாப்புகளுக்கு யுஎஸ்பி-சி சார்ஜிங் கட்டாயம், 2027 பிப்ரவரி முதல் பேட்டரியைப் பயனரே மாற்றும்படி இருக்க வேண்டும். நேற்றுவரை சிறியவரின் தனிச்சிறப்பாக இருந்தது நாளை எல்லோருக்கும் சட்டம். போர்டையே மாற்றித் தருவது மட்டும் இன்னும் பெரியவர்கள் தொடாத எல்லை, ஏனென்றால் அது அவர்களின் அடுத்த லேப்டாப் விற்பனையை நேராகத் தின்னும்.

இப்போது வாங்குபவருக்கு இதன் பொருள் என்ன?

ரேம் இல்லாமல் லேப்டாப் வாங்கி, வீட்டில் சும்மா கிடக்கும் ரேமைப் பொருத்திக்கொள்ள முடிந்தால், இந்த விலையேற்றம் உங்களைத் தொடாது. இது ஃப்ரேம்வொர்க் தரும் உண்மையான வசதி. ஆனால் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். 2021 முதல் 2023 வரை வந்த அதன் 13 அங்குல இன்டெல் போர்டுகள் டிடிஆர்4 ரேமில் ஓடுபவை. 2023-ல் தொடங்கிய ஏஎம்டி போர்டுகளும் அதற்குப் பிந்தைய இன்டெல் போர்டுகளும் டிடிஆர்5 கேட்பவை. இரண்டையும் பொருத்தும் காடி வேறு, ஒன்றில் மற்றது நுழையாது. எனவே 2021-ல் வாங்கியவர் இன்று சட்டம், திரை, விசைப்பலகை, பேட்டரி எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு போர்டை மட்டும் மாற்ற நினைத்தால், பழைய ரேமை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அதே மூன்று நிறுவனங்களின் சிப் உள்ள புது ரேமை இன்றைய விலைக்கு வாங்கியாக வேண்டும்.